பத்துப் பேருக்குப் பொறுப்பாகும்போது: பினாங்கில் புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு

பினாங்கின் தொழிற்பேட்டைகளான பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் சூப்பர்வைசராக உயர்த்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் மெஷினை நன்றாக அறிந்தவர்கள். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார்கள். உயர்வுக் கடிதம் கைக்கு வந்த மறுநாளிலிருந்து அவர்கள் பார்க்க வேண்டியது மெஷினை இயக்கும் பத்துப் பேரை. அதற்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள்.

மனிதரை மையமாக வைத்த தலைமைத்துவம் என்று பயிலரங்குகளில் சொல்லப்படுவதை ஒரு ஷிப்டுக்குள் எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கையேடு. ஆலையை மனதில் வைத்து எழுதியது என்றாலும் ஹோட்டல், கிடங்கு, கோலாலம்பூர் அலுவலகம் எதற்கும் பொருந்தும். நல்ல மனசுள்ள சூப்பர்வைசர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்த மனசுக்கு வாரத்தில் ஒரு நேரம் குறித்து வைத்தவர்கள் குறைவு. டார்கெட் கழுத்தை நெரிக்கும் வாரத்தில் முதலில் காணாமல் போவது நேரம் குறிக்காத அக்கறைதான். அதனால் கீழே சொல்லும் ஒவ்வொன்றுக்கும் நாள், நிமிடம், கெடு உண்டு.

முதல் வாரம்: ஆளுக்கு ஒரு பக்கம்

ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் எடுத்து ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எப்படிக் கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்கும், எங்கிருந்து எதில் வருகிறார், எந்த மொழியில் பேசுவார், எந்த மொழியில் படிப்பார், எந்தெந்த வேலைக்குப் பயிற்சி முடித்திருக்கிறார், எந்த விடுமுறை நாட்கள் அவருக்கு முக்கியம். இவ்வளவு போதும்.

பேசும் மொழியையும் படிக்கும் மொழியையும் தனித்தனியாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மலாயில் கலகலவென்று பேசும் நேப்பாளத் தொழிலாளிக்கு மலாய் அறிவிப்பைப் படிக்க வராமல் இருக்கலாம். தமிழிலும் மலாயிலும் படித்த ஒரு அக்கா, ஆங்கில வேலைக்குறிப்பைப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் பின்பற்றிக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருப்பவர் விடுப்பில் போகும் நாளில் தவறு நடக்கும். பழி அந்த அக்கா மேல் விழும்.

பயணமும் அப்படித்தான். சுங்கை பட்டாணியிலிருந்தோ கூலிமிலிருந்தோ கம்பெனி பஸ்ஸில் வருபவர் விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பார். ஷிப்ட் முடிந்ததும் "பத்து நிமிஷம் இருந்துட்டுப் போங்க" என்றால், மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு அது பத்து நிமிடம். பஸ்ஸில் போகிறவருக்குப் பஸ் போய்விடும். ஷிப்ட் முடிவில் பேச வேண்டியதை ஷிப்ட் தொடக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அந்தப் பக்கத்தில் நோய், கடன், குடும்பத் தகராறு எதையும் எழுதாதீர்கள். உடல்நலமும் மத நம்பிக்கையும் மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கூடுதல் கவனம் தேவைப்படும் தகவல்கள். சட்டத்தை விட்டாலும், லைன் (உற்பத்தி வரிசை) மேசையில் திறந்து கிடக்கும் நோட்டில் தன் விஷயத்தைப் பார்த்தவர் அதற்குப் பிறகு உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார். நோட்டை லாக்கரில் வைத்துப் பூட்டுங்கள்.

தனிப் பேச்சு

இந்தக் கையேட்டில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொருவருடனும் 25 நிமிடம், தனியாக. பத்துப் பேர் என்றால் வாரத்துக்கு ஐந்து பேர், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். முதல் எதிர்ப்பு உங்கள் மேனேஜரிடமிருந்து வரும்: "லைனை யார் பார்ப்பது?" அதற்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள். ரிலீவர் யார், எந்த 25 நிமிடம், அந்த நேரத்தில் வெளியீடு குறையுமா என்பதைத் தாளில் எழுதிக் காட்டினால் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும். "டீம் கூட பேசணும் பாஸ்" என்று மட்டும் சொன்னால் கிடைக்காது.

பேச்சு சம்பள நேரத்துக்குள் நடக்க வேண்டும். சாப்பாட்டு இடைவேளையிலும் ஷிப்ட் முடிந்த பிறகும் வேண்டாம். கேண்டீனில் நடு மேசையும் வேண்டாம், எல்லாரும் பார்க்கும் கண்ணாடி அறையும் வேண்டாம். கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டாலே "என்ன தப்பு பண்ணினாராம்?" என்று பேச்சு கிளம்பும். கிடங்கு ஓரம், லோடிங் பே பக்கம், பயன்படுத்தாத பயிற்சி அறை நல்லது. எதிரெதிரே உட்காராமல் மேசையின் பக்கவாட்டில் உட்காருங்கள். இரவு ஷிப்டில் விடியற்காலை மூன்று மணிக்கு இந்தப் பேச்சை வைக்காதீர்கள். அந்த நேரத்தில் யாருக்கும் வார்த்தை வராது. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வையுங்கள்.

முதல் முறை கூப்பிடும்போது எல்லாரும் பயப்படுவார்கள். அதனால் முதல் நாளே பத்துப் பேருக்கும் சேர்த்து அறிவியுங்கள்: எல்லாரையும் கூப்பிடுவேன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, யாருடைய பெயரிலும் புகார் இல்லை. வரிசையைச் சுவரில் ஒட்டுங்கள்.

என்ன கேட்பது? "எல்லாம் ஓகேயா?" என்று கேட்டால் "ஓகே பாஸ்" என்று பதில் வரும், அத்தோடு முடிந்தது. குறிப்பாகக் கேளுங்கள். "இந்த ரெண்டு வாரத்தில எந்த வேலை உங்களை ரொம்ப இழுத்தடிச்சுது?" "யார்கிட்ட கேட்டும் கிடைக்காம இருக்கிற சாமான் என்ன?" "நான் செய்யறதில எதை நிறுத்தினா உங்களுக்கு வேலை லேசாகும்?" மூன்றாவது கேள்விக்கு முதல் மூன்று முறையும் பதில் வராது. கேட்டுக்கொண்டே இருங்கள். நான்காவது முறை வரும் பதில் பெரும்பாலும் சின்னதாக இருக்கும், "ரேடியோவில கூப்பிடும்போது பேரைச் சொல்லிக் கத்தாதீங்க" என்பது போல. அதை அன்றே நிறுத்துங்கள். நீங்கள் நிறுத்தினீர்களா என்று பார்த்த பிறகுதான் பெரிய விஷயம் வெளியே வரும்.

கேள்வி கேட்டபின் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே பதிலையும் சொல்லிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. 25 நிமிடத்தில் நீங்கள் பேசியது பத்து நிமிடத்தைத் தாண்டினால் அது தனிப் பேச்சு ஆகாது, அறிவுரை ஆகிவிடும்.

இன்னொன்று, "ஏன்" என்று தொடங்காதீர்கள். தமிழில் "ஏன் லேட்டு?" என்பது கேள்வியாகக் காதில் விழாது, குற்றச்சாட்டாகவே விழும். பதிலுக்குச் சாக்குதான் வரும். "என்ன ஆச்சு?" என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள். மலாயில் "கெனாப்பா"வுக்கும் (ஏன்) "அப்பா ஜாடி"க்கும் (என்ன ஆச்சு) இதே வித்தியாசம் உண்டு.

கேட்ட ஒவ்வொரு விஷயத்துக்கும் மூன்றில் ஒரு பதிலை அங்கேயே சொல்லிவிடுங்கள். என் கையில் இருக்கிறது, இரண்டு நாளில் முடிப்பேன். மேலே கேட்க வேண்டும், அடுத்த வெள்ளிக்கிழமை பதில் சொல்வேன். முடியாது, காரணம் இது. "பார்க்கலாம்" என்ற சொல்லை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அது மரியாதையாகச் சொல்லும் மறுப்பு என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை மேலிருந்து பதில் வரவில்லை என்றாலும் போய் "இன்னும் வரல, செவ்வாய்க்கிழமை மறுபடி கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். பதில் இல்லாததை விட, சொன்ன நாளில் ஆள் வராததுதான் அதிகம் வலிக்கும்.

அழைக்கும் விதமும் திருத்தும் விதமும்

28 வயது லைன் லீடர், 50 வயது ஆப்பரேட்டர். பதவி உயர்ந்ததும் "அக்கா, நீங்க" என்பது "நீ" ஆனால் அந்த அக்கா வேலையைச் செய்வார், ஆனால் உங்களைக் காப்பாற்ற மாட்டார். நீங்கள் கவனிக்காமல் விட்ட செட்டிங்கைப் பார்த்தும் பேசாமல் இருப்பார். அக்கா, அண்ணே, மலாயில் காக், அபாங் என்று ஏற்கெனவே எப்படி அழைத்தீர்களோ அதே அழைப்பு தொடரட்டும். அதிகாரத்தை அழைப்பில் காட்டத் தேவையில்லை. ரோஸ்டர் (ஷிப்ட் அட்டவணை) உங்கள் கையில் இருப்பது அவருக்குத் தெரியும்.

அதே நேரம், குழுவில் தமிழ் தெரியாதவர்கள் நிற்கும்போது தமிழரோடு மட்டும் தமிழில் பேசிச் சிரிப்பதைத் தவிருங்கள். புரியாத சிரிப்பு தன்னைப் பற்றியது என்றுதான் மனிதன் நினைப்பான். ஷிப்ட் கூட்டத்துக்கு ஒரு பொது மொழி, பெரும்பாலும் மலாய். தனிப் பேச்சில் அவரவர் மொழி.

திருத்துவது தனியாக, அதே ஷிப்டுக்குள். மறுவாரம் வரை சேர்த்துவைத்தால் திருத்தம் பழிதீர்ப்பாகத் தெரியும். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "இன்னிக்கு மூணு டிரேயில லேபிள் இல்லாம போயிருக்கு. பேக்கிங்ல திரும்ப எண்ண வேண்டியதாப் போச்சு. என்ன ஆச்சு?" இதில் ஆளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "நீங்க எப்பவுமே கவனமில்லாம இருக்கீங்க" என்று தொடங்கினால் அவர் "எப்பவுமே" என்ற சொல்லை மறுக்கத் தொடங்குவார், லேபிள் மறந்துபோகும். முடிவில் நாளை என்ன மாறும் என்பதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் புரியாதவரும் தலையாட்டுவார்.

கெட்ட செய்தி வரும் முதல் பத்து நொடி

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அவற்றில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே விளக்கம். சொல்லப் பயமில்லாத இந்தச் சூழலைத்தான் உளவியல் பாதுகாப்பு என்கிறார்கள். டொயோட்டா ஆலைகளில் கோளாறைப் பார்த்த எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கூப்பிடலாம், நேரத்துக்குள் தீரவில்லை என்றால் லைன் நிற்கும். ஆனால் இழுத்தவரை முறைத்துப் பார்க்கும் ஒரு லீடர் இருந்தால் அந்தக் கயிறு வெறும் அலங்காரம்.

ஆகவே ஒருவர் ஓடிவந்து "போர்டு தப்பாப் போயிருச்சு" என்றால் உங்கள் முதல் வாக்கியத்தை இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "சொன்னது நல்லது. இப்ப எங்க நிக்குது?" முதலில் பொருளைத் தடுத்து நிறுத்துங்கள். அடுத்து காரணம். ஆள் யார் என்பது கடைசி. ஆளைப் பார்க்கும்போதும் மூன்றைப் பிரித்துப் பாருங்கள். கை தவறியதா? அப்படியானால் வேலை அமைப்பைத் திருத்துங்கள். எல்லாரும் செய்யும் குறுக்கு வழியா? அப்படியானால் டார்கெட்டைப் பாருங்கள். முறைப்படி செய்தால் எட்ட முடியாத டார்கெட்தான் குறுக்கு வழியைக் கற்றுக்கொடுக்கிறது. தெரிந்தே செய்த கெடுதலா? அது ஒழுங்கு நடவடிக்கை, அதற்கு எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) இருக்கிறது. முதல் இரண்டையும் மூன்றாவதாக நடத்துவதுதான் லைன்களில் அதிகம் நடக்கும் அநியாயம்.

ஒரு மாதம் முழுக்க ஒரு தவறுகூட உங்கள் காதுக்கு வரவில்லை என்றால் மகிழாதீர்கள், கவலைப்படுங்கள். 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள வேலைப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி, அதைத் தெரிவித்தும் முதலாளி சரிசெய்யாவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. இதை ஷிப்ட் கூட்டத்தில் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். சட்டம் இருக்கிறது என்று தெரியாதவருக்கு அது உதவாது.

ரோஸ்டர், ஓ.டி., பண்டிகை

மனிதரை மதிப்பது ரோஸ்டரில்தான் தெரியும். குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே ஒட்டுங்கள். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு அதிகபட்ச சாதாரண வேலை நேரம் 48லிருந்து 45 மணி ஆனது. பொதுவாகத் தொடர்ச்சியாக ஐந்து மணி நேரம் வேலை செய்தவருக்குக் குறைந்தது 30 நிமிட ஓய்வு வேண்டும். ஓ.டி. (கூடுதல் நேர வேலை) மாதத்துக்கு 104 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. உடலுழைப்பு அல்லாத வேலையில் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குவோருக்கு ஓ.டி. ஊதிய விதிகள் பொதுவாகப் பொருந்தா. ஆனால் அவர்களுக்கும் களைப்பு உண்டு என்பதை ரோஸ்டர் போடும் கை மறக்கக் கூடாது.

ஒரு தாளில் மூன்று ஆண்டுக்குப் பண்டிகை விடுப்பு அட்டவணை போடுங்கள்: சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, கிறிஸ்துமஸ். யார் எந்த ஆண்டு வேலை செய்தார் என்பது கண்ணுக்குத் தெரிந்தால் சண்டை பாதியாகக் குறையும். பினாங்கில் தைப்பூசத்துக்கு ஒரு நாள் பொதுவிடுமுறை போதாது என்பதை மற்ற இன சக ஊழியர்களுக்கு நீங்கள்தான் விளக்க வேண்டும். ரதம் தைப்பூசத்துக்கு முதல் நாளே தண்ணீர்மலைக் கோயிலுக்குப் புறப்படுகிறது, தைப்பூசத்துக்கு மறுநாள்தான் திரும்புகிறது. காவடி எடுப்பவர் பல நாட்கள் விரதம் இருந்திருப்பார். அந்த வாரம் அவரை இரவு ஷிப்டில் போடுவது கொடுமை. அதே நியாயம் நோன்பு மாதத்தில் மலாய்க்காரர்களுக்கும். நோன்பு திறக்கும் நேரம் இங்கே மாலை ஏழரை மணி சுமாருக்கு வருகிறது. ஏழு மணிக்கு ஷிப்ட் மாறினால், வீடு திரும்புகிறவர் பினாங்குப் பாலத்து நெரிசலில் பஸ்ஸுக்குள் பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறப்பார். முடிந்தால் அந்த மாதம் மாறும் நேரத்தை அரை மணி நகர்த்தப் பாருங்கள்.

ஓ.டி. குறைப்பு தனிக் கவனம் வேண்டும் விஷயம். அடிப்படைச் சம்பளம் குறைவாக உள்ளவர் வீட்டுக் கடனையும் கார்த் தவணையையும் ஓ.டி.யை நம்பித்தான் கட்டிக்கொண்டிருப்பார். அதை வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரியாகப் போடாதீர்கள். அதிகம் இழக்கப்போகிறவர்களிடம் முதலில், நேரில் சொல்லுங்கள். எந்த மாதச் சம்பளச் சீட்டில் இருந்து, ஏறக்குறைய எத்தனை ரிங்கிட் குறையும், எப்போது மறுபடி பார்ப்பார்கள் என்ற மூன்றும் இருக்கட்டும். தெரியாததைத் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். நம்பிக்கை தரும் பொய்யை நம்பி ஒருவர் புதுக் கடன் வாங்கிவிட்டால் அதைத் திருத்த வழியில்லை.

எம்.சி.யும் மற்ற கோரிக்கைகளும்

சம்பளத்தோடு நோய் விடுப்பு, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதற்குத் தனியாக 60 நாள். திங்கட்கிழமை தோறும் எம்.சி. (மருத்துவச் சான்று) வருகிறது என்றால் கூப்பிட்டு நோய் என்ன என்று கேட்காதீர்கள். தேதிகளைக் காட்டி, "வேலையில எதை மாத்தினா உங்களுக்கு உதவும்?" என்று கேளுங்கள். ஞாயிறு இரவு பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் முறை அவருடையதாக இருக்கலாம், ஒரு சக ஊழியரின் தொல்லையாகவும் இருக்கலாம். நீங்கள் ஆலோசகர் இல்லை. மனச்சோர்வு என்று அவரே சொன்னால் கேட்டு முடித்து, சுகாதார அமைச்சின் 15555 ஹீல் (மனநல உதவி) எண்ணைக் கொடுத்து, வேலைச் சுமையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

நெகிழ்வு நேரம் கேட்டு யாராவது எழுத்தில் விண்ணப்பித்தால் முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணத்தோடு. அறுபது நாள் காத்திருக்க வைக்காதீர்கள். இரண்டு வாரத்தில் பதில், எட்டு வாரம் சோதனை. மகப்பேறு விடுப்பு 98 நாள், தகுதியுள்ள தந்தைக்கு 7 நாள். இவற்றைக் கேட்டு வருபவரிடம் "இந்த நேரத்திலயா?" என்ற முகத்தைக் காட்டாதீர்கள்.

பாலியல் தொல்லைப் புகார் வந்தால் நீங்களே விசாரிக்காதீர்கள், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள். அன்றே எழுதி எச்.ஆரிடம் கொடுங்கள். புகாரை விசாரிக்க மறுக்கும் முதலாளி அதற்கான காரணத்தை 30 நாளுக்குள் எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

உங்கள் பக்கம்

ஷிப்ட் முடிந்த பிறகு வாட்ஸ்அப்பில் வேலைச் செய்தி போடாதீர்கள். நள்ளிரவில் ஞாபகம் வந்தால் நோட்டில் எழுதிக் காலையில் சொல்லுங்கள். லைன் நிற்கும் அவசரத்துக்கு மட்டும் போன்.

இருபத்தைந்து பேர் உங்கள் கீழ் இருந்தால் மேலே சொன்னபடி தனிப் பேச்சு நடக்காது. முயற்சி செய்து களைத்துப்போக வேண்டாம். மேனேஜரிடம் இரண்டு லைன் லீடர்களைக் கேளுங்கள், அவர்களுக்கும் ரிலீவர் நேரம் கேளுங்கள், நீங்கள் அந்த இருவரோடு 25 நிமிடம் உட்காருங்கள்.

மூன்று மாதம் கழித்து நோட்டைத் திறந்து பாருங்கள். விடுப்புக் கோரிக்கைகள் முன்னைவிடச் சீக்கிரம் வருகின்றனவா? தவறுகள் வேறு ஷிப்ட் கண்டுபிடிக்கும் முன் உங்கள் காதுக்கு வருகின்றனவா? யாருடைய பக்கத்தில் முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு வரிகூடச் சேரவில்லை? அந்த ஆளோடுதான் அடுத்த திங்கட்கிழமை முதல் பேச்சு. அவர் மொழி உங்களுக்கு வராது என்றால், அவர் நம்பும் ஒருவரை, அவரைக் கேட்டே, கூட உட்கார வையுங்கள்.